காலை எட்டும் தூரத்தில் வை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. ஆராய்ச்சிக்கூடத்து வேலை, பேராசிரியரின் கெடுபிடி, சியோல் குளிர் எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டு, டேக்கியன் என்னும் கொரிய மரபுச் சண்டைக் கலையின் வகுப்பைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாகக் கொட்டியிருக்கிறாய். அதை விட்டுவிட உனக்கு மனமில்லை என்பது அதிலேயே தெரிகிறது. மனமில்லாமல் விடப்போகிறாயே என்றுதான் எனக்குக் கவலை.

"முன்னே ஒரு காலடி, பின்னே ஒரு காலடி, முழங்காலை மடக்கு, இடுப்பை நீட்டு, இதையேதான் செய்யச் சொல்கிறார்கள். உதை எப்போது பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். உன்னோடு வேலைபார்க்கும் பெண் டேக்வாண்டோவில் அடுத்த நிறப் பெல்ட்டுக்குப் போய்விட்டாள், பலகை உடைக்கிறாள், நானும் அங்கே மாறிவிடலாமா என்கிறாய். தற்காப்புக்கென்று சேர்ந்த இடத்தில் நடனம் சொல்லித் தருகிறார்கள் என்ற மனக்குறையும் இருக்கிறது.

மாறாதே என்பதுதான் என் பதில். காரணம் சொல்லாத அறிவுரையை நீ சின்ன வயதிலிருந்தே ஏற்றுக்கொண்டதில்லை. ஆகவே காரணத்தை விரித்தே எழுதுகிறேன். கொரியாவில் நான் வேலைபார்த்த காலத்தில் எனக்குப் பிழைப்பு கொடுத்தது கம்பெனி. அந்த ஊரோடு ஒட்டவைத்தது இந்தக் கலைதான். அந்த நன்றியோடு எழுதுவதால் கொஞ்சம் அழுத்திச் சொன்னாலும் பொறுத்துக்கொள்.

உனக்கு அலுத்துப்போன அந்தக் காலடிக்குப் பும்பப்கி என்று பெயர். தரையில் ஒரு முக்கோணம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள். பின்பக்கத்து இரண்டு முனைகளில் உன் பாதங்கள். ஒரு கால் முன்முனைக்குப் போய்த் திரும்பி வருகிறது. பிறகு அடுத்த கால். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவ்வளவுதான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. காலை வைக்கும்போது முழங்கால் இளகி மடங்கி, உடம்பின் எடை கீழே இறங்குகிறது. அதைக் கும்சில் என்பார்கள். இறங்கிய எடை மேலே எழும்போது அடிவயிறு முன்னே வந்து, இடுப்பு நெகிழ்ந்து நீள்கிறது. அது நுங்ச்சோங். இந்த இறக்கமும் ஏற்றமும் மூன்று தட்டாக, நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடையில், ஓடிக்கொண்டே இருக்கும். அரிராங் பாட்டை அங்கே கேட்காமல் இருந்திருக்க மாட்டாய். அதில் ஓடுவதும் அந்த நடைதான். கொரியரின் நாட்டுப்புற இசையில் பெரும்பகுதி மூன்றில்தான் நடக்கிறது. அவர்கள் உடம்புக்கு அது பிறவியிலேயே பழக்கம். நமக்குத்தான் முதலில் கால் இடறும்.

பல சண்டைக் கலைகளில் முதலில் நிற்கச் சொல்லித் தருவார்கள். காலை அகட்டி, குதிகாலை ஊன்றி, அசையாமல் நிற்பதே அங்கே அடித்தளம். டேக்கியனில் அப்படி உறைந்து நிற்கும் நிலைக்கு மதிப்பில்லை. எடை எப்போதும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஏன் என்று யோசித்துப் பார். உதைப்பதற்கு ஒரு கால் எடையில்லாமல் இருக்க வேண்டும். ஊன்றி நிற்பவர் உதைக்கும் முன் எடையை மாற்றியாக வேண்டும். அந்த மாற்றம் எதிராளியின் கண்ணில் பட்டுவிடும். நகர்ந்துகொண்டே இருப்பவருக்கோ ஒரு கால் எப்போதும் விடுதலையாக இருக்கிறது. முன்னே இறங்க வேண்டிய கால் இந்த முறை தரைக்குப் போகாமல் மேலே போய்விடுகிறது, அவ்வளவே. நீ கேட்கும் உதை அந்தக் காலடிக்குள்ளேயே இருக்கிறது மகளே. உன் ஆசிரியர் உனக்குத் தினமும் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் காலடியை உதை வரும்வரை பொழுதுபோக்கும் பயிற்சியாக நினைத்துச் செய்யாதே. நினைப்பு அப்படி இருந்தால் உடம்பும் அப்படியே ஏனோதானோவென்று செய்யும். சில குறைகளை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன், நீயும் உன்னைச் சோதித்துக்கொள். முழங்காலை மடக்குவதற்குப் பதில் நுனிக்காலில் துள்ளுவார்கள். துள்ளினால் எடை தரைக்கு இறங்காது. கால் எங்கே போகிறது என்று குனிந்து பார்ப்பார்கள். பார்வை எதிராளியின் மார்பளவில் இருக்க வேண்டும். அடிவயிற்றை முன்னே கொண்டுவரச் சொன்னால் முதுகின் கீழ்ப்பகுதியை வளைப்பார்கள். ஒரு மாதத்தில் இடுப்பு வலி வரும். முன்னே வைத்த காலின் முழங்காலை உள்பக்கமாகச் சாயவிடுவார்கள். இது கடைசியாகச் சொன்னாலும் இதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. முழங்கால் எப்போதும் கால்விரல் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும். பெண்களுக்கு இடுப்பெலும்பின் அகலத்தால் முழங்கால் உள்ளே போகும் இயல்பு கொஞ்சம் கூடுதல். அதனால் உனக்கு இதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

தனியாகப் பழகும்போது வெறுங்காலோடு, மிக மெதுவாகச் செய். வேகமாகச் செய்தால் குறைகள் ஒளிந்துகொள்ளும். எடை இடது காலில் முழுதாக இறங்கிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு, இறங்கிய பிறகே வலது காலை எடு.

கை வீச்சைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு கையை ஒட்டிவைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஹ்வல்கேஜித் என்னும் அந்த வீச்சு அலங்காரத்துக்கு வைத்ததில்லை. காலடியோடு சேர்ந்து கைகள் முன்னும் பின்னும், உள்ளும் வெளியும் அலைவதால் உடம்பின் சமநிலை காக்கப்படுகிறது. எதிராளியின் பார்வை கலைகிறது. வரும் உதை அந்த வீச்சிலேயே ஒதுக்கப்படுகிறது. சில சமயம் காலே கையில் மாட்டிக்கொள்கிறது. தோள் இறுகியிருந்தால் இதில் எதுவும் நடக்காது. நாளெல்லாம் கணினிமுன் உட்காருகிறவள் நீ. வகுப்புக்குப் போனதும் முதலில் தோளை அவிழ்த்துவிடு.

"இக்! எக்!" என்று குரல் கொடுப்பதற்கும் கூச்சப்படாதே. அது அடிவயிற்றிலிருந்து மூச்சைச் சிறுசிறு துண்டுகளாக வெளியேற்றும் வழி. மூச்சை அடக்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போவதை வகுப்பிலேயே பார்ப்பாய். நீ இருக்கும் ஒற்றை அறையில் சுவர் மெல்லியது, பக்கத்து அறைக்காரர் தூங்க வேண்டும். அங்கே வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள். கூடத்தில் வாய்விட்டுச் சொல்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

டேக்கியன் ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. நீ இன்னும் அங்கே வரவில்லை, வந்ததும் சொல்வார்கள். எதிரெதிரே நிற்கும் இருவரும் ஒரு காலை எதிராளிக்கு எட்டும் தூரத்தில் முன்னே வைத்தாக வேண்டும். தள்ளி நின்று சமயம் பார்ப்பது, காலை ஒளித்துக்கொண்டு ஓடுவது, இவை ஆட்டத்தைக் கெடுக்கும் செயல்கள். பொதுவாகச் சண்டையில் சொல்லும் பாடம் எதிராளிக்கு எட்டாமல் இரு என்பதுதான். இங்கே முதல் விதியே எட்டும் இடத்தில் வந்து நில் என்கிறது. உன் காலை அவருக்குக் கொடுக்கிறாய்; அவர் தன் காலை உனக்குக் கொடுக்கிறார். அதற்கு மேல் யார் திறமை என்று பார்க்கலாம்.

இந்த விதியை வெறும் மரியாதையாக எண்ணிவிடாதே. கலையின் நுட்பங்கள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. எட்டும் இடத்தில் கால் இருப்பதால்தான் கால்வாரும் வித்தைகள் இவ்வளவு வளர்ந்தன. உள்பக்கமிருந்து குதிகாலைக் கொக்கி போட்டு இழுப்பது, வெளிப்பக்கமிருந்து மாட்டுவது, உள்ளங்காலால் கணுக்காலைத் தட்டிவிடுவது, காலைத் தட்டும்போதே கையால் கழுத்தை எதிர்த்திசையில் அழுத்துவது. இவை எதற்கும் பெரிய பலம் தேவையில்லை. எதிராளியின் எடை அந்தக் காலில் இறங்கும் கணத்தைப் பிடிக்க வேண்டும். சற்று முன்னால் தட்டினால் அவர் காலைத் தூக்கிவிடுவார். சற்றுப் பின்னால் தட்டினால் தூணைத் தட்டிய மாதிரி இருக்கும். அந்தக் கணம் எப்போது வருகிறது என்று எப்படித் தெரியும்? உன் எடை எப்போது இறங்குகிறது என்று உனக்கே தெரிந்தால், அடுத்தவருடையது தெரியும். அதற்காகத்தான் அந்தக் காலடியை உன்னை ஓயாமல் செய்யவைக்கிறார்கள்.

மேலே போகும் உதைகளிலும் இதே குணம்தான். முழங்காலைத் தூக்கி, உள்ளிருந்து வெளியே கன்னத்தை நோக்கிக் காலை வீசும் உதை டேக்கியனுக்கே உரிய அடையாளம். அவ்வளவு நெருக்கத்தில் முகத்துக்கு உதை வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஈரத் துண்டை உதறுவது போலக் கால் நுனியில் ஒரு சொடுக்கு இருக்கும், உடனே திரும்பிவிடும். ஊடுருவிப் போகும் அடி அல்ல அது. மார்பிலோ வயிற்றிலோ உதைக்க நேர்ந்தால், உள்ளங்காலை வைத்துத் தள்ள வேண்டும். குத்துவது போல உதைப்பது ஆட்டத்தில் குற்றம். எதிராளியைக் கீழே விழச்செய்தாலோ, முகத்தில் சுத்தமாக ஒரு உதை வைத்தாலோ வெற்றி. காயப்படுத்திப் பெறும் வெற்றி கணக்கில் வராது. சங்கத்துக்குச் சங்கம் விதிகளில் சிறு வேறுபாடு இருந்தாலும் இந்த அடிப்படை பொதுவானது.

குத்தாமல் தள்ளு என்று கேட்கும்போது எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் அருமை தெரியும். முழு வேகத்தில் கிளம்பிய காலை, தொடும் கணத்தில் அடியிலிருந்து அழுத்தமாக மாற்றுவதற்கு இடுப்பும் நின்ற காலும் உன் பேச்சைக் கேட்க வேண்டும். பலகையை உடைக்கிறவருக்கு ஒரே ஒரு அளவு பலம் போதும், எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். எதிரே நிற்கும் மனிதனை வலிக்காமல் விழவைக்க, எவ்வளவு கொடுக்க வேண்டும், எவ்வளவு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. என் கணக்கில் இதுதான் பெரிய வித்தை.

டேக்வாண்டோவை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து அது பதக்கப் போட்டி. உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஜப்பானில் கராத்தே பயின்று திரும்பிய கொரியர்கள் பலர் தொடங்கிய பள்ளிகளிலிருந்து வளர்ந்து, 1955இல் அந்தப் பெயரைப் பெற்ற நவீனக் கலை அது. உன் தோழி அதில் சிறக்கட்டும். ஆனால் அவள் வேகத்தை வைத்து உன் பயிற்சியை அளக்காதே. அங்கே ஒவ்வொரு அசைவும் தனித்தனியாக வெட்டிக் கொடுக்கப்படுவதால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். இங்கே எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கிடப்பதால் நீண்ட நாள் ஒன்றுமே தெரியாது. பிறகு ஒரேயடியாகத் தெரியும்.

தற்காப்பைப் பற்றிக் கேட்டாய். அதற்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்கிறேன். இரவு வெகுநேரம் கழித்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நடந்து திரும்பும் பெண்ணுக்கு எது தேவை? பிடித்துத் தள்ளினால் விழாமல் இருப்பது, நெருங்கி வந்தவனைத் தள்ளிவிட்டு இடைவெளி உண்டாக்குவது, ஓடுவது. முதல் இரண்டையும் பும்பப்கியும் தள்ளும் உதையும் கற்றுத் தருகின்றன. மூன்றாவதற்கு நல்ல செருப்பு போதும். எந்தக் கலையும் எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றாது, டேக்கியனும் காப்பாற்றாது. வெளிச்சமுள்ள சாலையில் போ, நேரமாகும் நாட்களில் துணையோடு திரும்பு. வகுப்பில் சேர்ந்துவிட்டோம் என்ற தைரியத்தில் இவற்றை விட்டுவிடாதே.

இணையத்தில் 'பழைய முறை' என்று சொல்லிச் சில காணொளிகள் வரும். ஆட்டத்தில் அனுமதிக்கப்படாத, எலும்பையும் மூட்டையும் குறிவைக்கும் அடிகள் அவற்றில் இருக்கும். அவற்றை நான் இல்லையென்று சொல்லவில்லை. சண்டைக்கென்று தனியே வைக்கப்பட்ட அடிகள் பழைய டேக்கியனிலும் உண்டு. ஆனால் அவை ஆட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டவை. பலத்தைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவர் கையில் அவற்றைக் கொடுக்க எந்த நல்ல ஆசிரியரும் அவசரப்பட மாட்டார். ஆரம்பத்திலேயே அவற்றைக் கேட்டு நிற்கும் மாணவர் ஆசிரியருக்குக் கவலையைத்தான் கொடுப்பார். நீ கேட்காதே.

இந்தக் கலை உன் கைக்கு வந்த வழியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆட்கள் கூடி ஆடும் இத்தகைய ஆட்டங்கள் அந்த ஆட்சியில் ஒடுக்கப்பட்டன. அதற்கு முன் சியோலில் மேலூர், கீழூர் என்று பேட்டைகள் பிரிந்து ஆடியிருக்கிறார்கள். ஐந்தாம் சந்திர மாதம் ஐந்தாம் நாள் வரும் தானோ திருநாளில் ஆட்டம் களைகட்டும். முதலில் சின்னப் பிள்ளைகள், பிறகு வாலிபர்கள், பிறகு பெரியவர்கள். ஜெயித்தவர் களத்திலேயே நிற்க, எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்தவர் வருவார். அந்த உலகம் கண்ணெதிரே மறைந்தது.

மறையாமல் நின்றவர் சோங் தொக்கி. 1893இல் பிறந்தவர், சியோலின் சாஜிக்தோங்காரர், சிறுவயதில் இம் ஹோ என்பவரிடம் பயின்றவர். ஜப்பானியர் ஆட்சி, போர், நாட்டுப் பிரிவினை எல்லாவற்றையும் தாண்டி அந்த அசைவுகளை உடம்பிலேயே வைத்திருந்தார். 1958இல் அதிபர் சிங்மன் ரீயின் பிறந்தநாளை ஒட்டி அவர் டேக்கியன் ஆடிக் காட்டினார். அப்போதே அவர் எதிரே நின்று ஆடத் தெரிந்தவர் கிடைப்பது அரிதாகிவிட்டிருந்தது. ஒரு கலைஞனுக்கு இதைவிடத் துயரம் வேறு உண்டா? பாடகன் தனியாகப் பாடலாம். டேக்கியன்காரன் தன் காலை யார்முன் வைப்பான்?

பிறகு ஷின் ஹன்சுங் வந்தார். 1928இல் பிறந்தவர், சோங் தொக்கியிடமும் எஞ்சியிருந்த முதியவர்களிடமும் தேடிப்போய்க் கற்றார். சுங்ஜு நகரில் பயிற்சிக்கூடம் வைத்தார். சிதறிக் கிடந்த அசைவுகளை ஒழுங்குபடுத்தி, தனியாகப் பழகுவது, இருவராகப் பழகுவது, மோதிப் பார்ப்பது என்று பாடத்திட்டமாக வகுத்தார். நீ இன்று வகுப்பில் போகும் படிவரிசையில் அவர் உழைப்பு இருக்கிறது. 1983 ஜூன் 1ஆம் தேதி கொரிய அரசு டேக்கியனை 76ஆம் எண்ணிட்ட முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்து, அவர்கள் இருவரையும் அதன் உரிமையாளர்களாக ஏற்றது. சோங் தொக்கிக்கு அப்போது வயது தொண்ணூறு. 1987 ஜூலையில், ஒரே மாதத்தில், இருவரும் காலமானார்கள். அந்த அறிவிப்பு இன்னும் நாலைந்து ஆண்டு தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. 2011இல் யுனெஸ்கோவின் மானுட அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் டேக்கியன் இடம்பெற்றது. நீ அலுப்போடு வைக்கும் காலடி, ஒரு கிழவர் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருந்ததால் உன்வரை வந்தது.

இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள், வாதாடாதே. நீ திருப்பிச் சொல்லவும் வேண்டாம். பழைய கோகுர்யோ கல்லறைச் சுவரோவியங்களில் இருவர் மோதும் காட்சிகள் இருக்கின்றன. அவை டேக்கியன்தான் என்று யாராலும் நிறுவ முடியாது. உறுதியாகக் கையில் இருப்பதே போதுமான பெருமை. 1798ஆம் ஆண்டின் ஜேமுல்போ என்னும் சொற்களஞ்சியத்தில் இந்த ஆட்டத்தின் பெயர் வருகிறது. 1895இல் ஸ்டூவர்ட் கியூலின் என்ற அமெரிக்கர் வெளியிட்ட கொரிய விளையாட்டுகள் பற்றிய நூலிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, 1846 என்று காலம் குறித்த தேக்வேதோ என்னும் ஓவியம். யூ சுக் வரைந்ததாகச் சொல்வார்கள், சியோல் தேசியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. ஒரு பக்கம் சிருமு மல்யுத்தம், இன்னொரு பக்கம் டேக்கியன், சுற்றிலும் பெரியவர்களும் பிள்ளைகளும், நடுவே மிட்டாய் விற்பவன்கூட உண்டு. அச்சுப்படத்தையாவது தேடிப் பார். சண்டையைப் பார்க்கும் முகங்களா அவை? ஊர்த் திருவிழாவில் உட்கார்ந்திருக்கும் முகங்கள். நடனம் கற்றுத் தருகிறார்கள் என்று குறைப்பட்டாயே, அதற்கு அந்த ஓவியத்தைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சங்கங்களின் பூசல் உன் காதில் விழும். சோங் தொக்கியின் வழி எது, ஷின் ஹன்சுங்கின் வழி எது, யார் பாடம் சுத்தம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உன் ஆசிரியரிடம் கற்றுக்கொள்; மற்றவர் ஆடுவதையும் மரியாதையோடு பார். அயல்நாட்டிலிருந்து வந்த மாணவி அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போகும்போது நீ மட்டும் நழுவிவிடாதே. சைவம் என்றால் சைவம் என்று சொல்லிவிட்டு, கூட உட்காரு. மூத்தவருக்குத் தண்ணீர் ஊற்றும்போது இரண்டு கையாலும் ஊற்று. சொன்செங்னிம் என்று ஆசிரியரை அழைக்கும் குரலில், வகுப்பு அலுக்கிறது என்ற தொனி வராமல் பார்த்துக்கொள். மனதில் இருப்பது குரலில் வரும், அவர்களுக்கு அது தெரியும்.

குளிர்காலத்தில் உடம்பு சூடேறாமல் உதைக்காதே. ஜனவரியில் சியோல் காற்று உறைநிலைக்கு வெகு கீழே போய்விடும். வெளியிலிருந்து வந்த தசை அரைமணி நேரம் கழித்துத்தான் இளகும். முன்தொடையும் பின்தொடையும் இளகாமல் காலை முகத்தளவு தூக்கினால் தசை கிழியும். குணமாக மாதங்கள் ஆகும். முழங்காலில் கூர்மையான வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் சொல். தசை நோவு வேறு, மூட்டு வலி வேறு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவதைப் பொறுக்கக் கூடாது.

விழவும் கற்றுக்கொள். நீ விழப்போவது நிச்சயம், அடிக்கடி விழுவாய். எட்டும் தூரத்தில் காலை வைத்த பிறகு விழாமல் இருக்க முடியாது. கையை ஊன்றி விழாதே, மணிக்கட்டு போய்விடும். மோவாயை மார்போடு சேர்த்து, உருண்டு விழு. விழவைத்தவரைப் பார்த்துத் தலைவணங்கிவிட்டு மறுபடி காலை முன்னே வை. இதற்கு மட்டும் தைரியம் வேண்டும், அது உனக்கு நிறைய இருக்கிறது. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், தனியாகப் போய் ஒரு பயிற்சிக்கூடத்துக் கதவைத் தட்டியவள் நீ.

வசதிப்படும் ஒரு சனிக்கிழமை சுங்ஜுவுக்குப் போய் வா. கிழக்கு சியோல் பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே நகராட்சியின் டேக்கியன் பயிற்சியகம் இருக்கிறது. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போ. மூத்த மாணவர்கள் பழகும்போது அவர்கள் காலை மட்டும் பார். உதையைப் பார்க்காதே, உதைக்கு முந்தைய மூன்று தட்டைப் பார். சியோலிலேயே பார்க்க விரும்பினால் சாஜிக்தோங் பக்கம் நடந்து, இன்வாங் மலையடிவாரத்தில் ஹ்வாங்ஹக்ஜோங் வில்கூடம் வரை போ. சோங் தொக்கி வில்லும் எய்தவர். அந்தக் கூடத்தோடு அவருக்கு நெடுநாள் தொடர்பு உண்டு.

அடுத்து எழுதும்போது ஒரு விஷயத்தைக் கவனித்து எழுது. இடது காலை முன்னே வைத்து எடை இறங்கும்போது முழங்கால் எந்தப் பக்கம் போகிறது, இறங்கி முடித்த பிறகு பின்கால் தானாக இலேசாகிறதா, இல்லை நீ இழுத்துத் தூக்குகிறாயா? முடிந்தால் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம்பிடித்து அனுப்பு. பார்த்துவிட்டு, எதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். ஆனால் ஆசிரியர் சொல்வதும் நான் சொல்வதும் மாறுபட்டால், அவர் சொல்வதையே செய்.

உன் பெரியப்பா